மழைக்காலத்திற்கு முன் நம் வீடுகள்

பனி பெய்யும் தேசங்களில் உள்ள குடியானவர்கள், குளிர்காலம் தொடங்குமுன் கூரையைச் செப்பனிட்டு, விறகும் தானியமும் சேர்த்து வைத்துக்கொள்வது வழக்கம். நம் திருவண்ணாமலைச் சீமையில் மார்கழிக் குளிரை ஒரு கம்பளியும் கணப்பும் தாங்கிவிடும். நமக்குக் கடுமையான காலம் அதற்கு முந்திய ஐப்பசியும் கார்த்திகையுமே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீடிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் நம் ஏரிகளை நிரப்புவது; அம்மழைதான் நம் சுவர்களைக் கரைப்பதும். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் வீட்டையும் தறியையும் களஞ்சியத்தையும் ஆயத்தம் செய்துகொள்ளும் முறையை அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூற விரும்புகிறோம்.

கடற்கரை வெகு தொலைவில் இருப்பதால் புயல் நம்மை அணுகாது என்று எண்ணுவோர் பலர். 2024-ஆம் ஆண்டு அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கிவிட்டது. அவ்வாண்டு நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அது விரைந்து கலைந்து போகாமல் அப்பகுதியிலேயே தயங்கி நின்று, பின்னர் மெல்ல உள்நாட்டுக்குள் நகர்ந்ததால், மழை ஒரே வட்டாரத்தில் இடைவிடாது கொட்டிற்று. டிசம்பர் 1-ஆம் தேதி மாலை, அண்ணாமலையார் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. அதில் ஏழு பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். மறுநாள் விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டு, தென்பெண்ணைக் கரையிலுள்ள ஊர்களில் வெள்ளம் புகுந்தது. அவ்வாண்டுத் தீபத் திருநாளன்று பக்தர்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை என்பதையும் யாவரும் அறிவர்.

மழையின் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது பத்து லிட்டர் நீராகும். இருபது அடி நீளமும் பதினைந்து அடி அகலமும் உள்ள ஒரு கூரையின் பரப்பு ஏறக்குறைய 28 சதுர மீட்டர். ஒரே நாளில் 20 சென்டிமீட்டர் மழை பெய்தால் அக்கூரையின் மீது மட்டும் 5,600 லிட்டர் நீர் விழுகிறது. அது செல்லும் வழியை நாம் அமைக்காவிடில், தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும்.

முதலாவது, கூரை. ஓட்டு வீடாயின் நழுவிய ஓடுகளையும் உடைந்த ஓடுகளையும் மாற்றி, முகட்டில் சுண்ணாம்பு அல்லது சிமெண்டுப் பூச்சு விரிந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். கீற்றுக் கூரையாயின் புதுக் கீற்று வேய்ந்து, காற்றுக்கு எழும்பாதவாறு கயிற்றால் இறுக்கிக் கட்டுவது அவசியம். மெத்தை வீட்டில் நீர் இறங்கும் குழாயைச் சருகு அடைத்துக்கொள்வதே பெரும்பாலான ஒழுக்குக்குக் காரணம். மண் சுவர் வீடுகளில் கூரை நீர் தரையில் விழுந்து தெறிக்கும் அடிப்பகுதியே முதலில் கரையும். அவ்விடத்தில் கெட்டியான பூச்சிட்டு, வீட்டைச் சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டிவிட்டால் சுவர் பிழைக்கும். சுவர் ஈரம் ஊறினால் மின்சாரம் பாயக்கூடும்; அந்நிலையில் மெயின் சுவிட்சை நிறுத்திவிடுவதே உசிதம்.

அடுத்தது, தறி. குழித்தறி வைத்திருக்கும் நெசவாளர் இல்லத்தில் வெள்ளம் முதலில் இறங்கும் இடம் தறிக்குழியே. குழியின் வாயைச் சுற்றி அரை அடி உயரம் செங்கல்லும் சிமெண்டும் கொண்டு வரம்பு கட்டினால் தரையில் பரவும் நீர் உள்ளே இறங்காது. பூமிக்கடியிலிருந்து ஊறும் நீரை இவ்வரம்பு தடுக்காதாகையால், அடைமழை தொடங்கியவுடன் மிதிபலகைகளையும் கயிறுகளையும் மேலே எடுத்துவிட வேண்டும். தறிக்கு நேர் மேலுள்ள கூரையை இருமுறை சோதிப்பது நன்று. ஜக்கார்டு அட்டைகள் நனைந்தால் வளைந்து பயனற்றுப் போகும், கஞ்சி போட்ட பாவில் பூஞ்சணம் பிடிக்கும், ஜரிகை கறுக்கும். பட்டையும் நூலையும் பாலிதீன் பையில் கட்டிப் பரணில் வைக்கலாம். ஆனால் மழை விட்டவுடன் பிரித்துக் காற்றாட வைக்காவிடில் பைக்குள் தங்கிய ஈரமே அவற்றைக் கெடுத்துவிடும்.

விவசாயிகள் வேர்க்கடலையையும் விதை நெல்லையும் நன்கு உலர்த்திய பின்னரே மூட்டை கட்ட வேண்டும். ஈரக் கடலையில் உண்டாகும் பூஞ்சை, மனிதருக்கும் மாட்டுக்கும் கேடு செய்யும் நஞ்சை விளைவிக்கும். மூட்டைகளைச் சுவரை ஒட்டாமல், தரையிலும் படாமல், மரச் சட்டங்களின்மேல் அடுக்குதல் முறை. வெள்ளம் வரும் அறிகுறி தோன்றினால் கன்றுகாலிகளின் கட்டை அவிழ்த்துவிட மறக்கலாகாது. பட்டா, ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, சங்கப் பாஸ் புத்தகம் ஆகியவற்றை நீர் புகாத ஒரே உறையில் வைத்திருப்பது நலம். பயிர்க் காப்பீட்டை அதன் கடைசி நாளுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். மழை கொட்டிய பின் நினைத்துப் பயனில்லை.

இதுவரை கூறியவை நீர் வந்து வடியும் வீடுகளுக்கு ஏற்றவை. மலைச் சரிவிலும் ஓடைப் பாதையிலும் ஆற்றின் கரையோரத்திலும் உள்ள வீடுகளுக்கு இவை போதா. நீர் ஊறிய மண் கனமாகி, பாறையோடு கொண்ட பிடியை இழந்து நழுவும்போது எந்தச் சுவரும் அதைத் தாங்காது. அவ்வீடுகளுக்குரிய ஆயத்தம் உரிய நேரத்தில் வெளியேறுவது ஒன்றே. 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்யலாம் என்று கருதும்போது வானிலை ஆய்வு மையம் சிவப்பு எச்சரிக்கை விடுக்கிறது. அதைக் கேட்டதும், பகல் வெளிச்சம் இருக்கையிலேயே புறப்பட வேண்டும். தரையிலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம் அல்லது கம்பம், ஓடை நீர் திடீரெனக் கலங்குதல் அல்லது குறைதல், மலையில் உருளும் ஓசை ஆகியவை சரிவுக்கு முன்னறிகுறிகள். அப்போது சரிவின் பாதையில் கீழ்நோக்கி ஓடாமல், பக்கவாட்டில் விலகிச் செல்ல வேண்டும். மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077 என்ற எண்ணையும், மாநில அளவில் 1070 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

வெளியேறச் சொன்னவுடன் எல்லோரும் புறப்பட்டுவிடுவதில்லை. அதற்குக் காரணம் அறியாமை அன்று. கடன் பெற்று வாங்கிய பட்டும், அடுத்த பட்டத்துக்கு வைத்த விதையும், கறவை மாடும் வீட்டில் இருக்க, அவற்றை விட்டுச் செல்ல எவருக்குத்தான் மனம் வரும்? இவ்விடத்தில்தான் சங்கத்தின் கடமை தொடங்குகிறது. சரிவிலும் கரையோரத்திலும் வாழும் அங்கத்தினர்களின் நூல், பாவு, விதை ஆகியவற்றை ஐப்பசி முதல் மார்கழி வரை சங்கக் கிடங்கில் பெயரெழுதி, ரசீது கொடுத்து வைத்துக்கொள்ளலாம். பொருள் பத்திரமாயிருந்தால் மனிதன் தயங்காமல் புறப்படுவான். அவ்வாறே, தனி ஒருவரால் தூர் வாரி முடியாத ஓடைகளையும் வாய்க்கால்களையும், உரிய அதிகாரிகளின் அனுமதி பெற்று, புரட்டாசிக்குள் ஒன்றுகூடிச் சுத்தம் செய்யலாம்.

எனவே, ஒவ்வொரு சங்கமும் ஆவணி மாதக் கூட்டத்திலேயே அபாயமான இடங்களில் குடியிருக்கும் அங்கத்தினர்களின் பட்டியலைத் தயாரித்து, யார் வீட்டுப் பொருளை யார் வண்டியில் ஏற்றிக் கிடங்கில் சேர்ப்பது என்பதையும் அப்பொழுதே தீர்மானித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.