எட்டு வயது மருமகள்: ‘மண் வாசனை’ ஆனந்தி நம் வீட்டுக்கு வந்து என்ன செய்தாள்?

காலையில் எழுந்ததும் குளித்து, முக்காடு போட்டுக்கொண்டு, வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேர் காலையும் தொட்டு வணங்க வேண்டும். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. சத்தமாகச் சிரிக்கக் கூடாது. ஓடக் கூடாது. பள்ளிக்கூடம் என்ற பேச்சே கூடாது. இத்தனை ‘கூடாது’களையும் தாங்க வேண்டிய மருமகளுக்கு வயது எட்டு. அம்மா ஞாபகம் வந்தால் அழக்கூட ஒரு மூலை தேடிப் போக வேண்டிய வயது.

‘மண் வாசனை’ ஆனந்தியை மறந்திருக்க மாட்டீர்கள். இந்தியில் ‘பாலிகா வது’ என்ற பெயரில் கலர்ஸ் சேனலில் 2008 ஜூலை 21 அன்று தொடங்கிய சீரியல் அது. அந்தச் சேனல் பிறந்ததே அன்றைக்குத்தான். தமிழில் ராஜ் டி.வி. அதை மொழிமாற்றம் செய்து ‘மண் வாசனை’யாக ஒளிபரப்பியது. தெலுங்கில் ‘சின்னாரி பெள்ளிகூத்துரு’ ஆனது. இந்தியில் 2016 ஜூலை வரை எட்டு ஆண்டுகள், 2,000 எபிசோடுகளுக்கு மேல் ஓடியது. பாவாடை தாவணியும் கோலமும் இல்லாத, மணலும் ஒட்டகமும் பாக்டி தலைப்பாகையுமாக இருந்த ஒரு ஊரின் கதையை நம் வீட்டுப் பாட்டிமார்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்கள். ஏன்?

மாளிகையிலிருந்து மண்ணுக்கு

அந்தக் காலத்து இந்தி சீரியல்களை நினைத்துப் பாருங்கள். பளிங்குத் தரை, வளைந்து இறங்கும் மாடிப்படி, தூங்கும்போதும் கலையாத பட்டுப் புடவை. சொத்துக்காக ஒருவர் கழுத்தை ஒருவர் அறுக்கும் தொழிலதிபர் குடும்பங்கள். அந்த நேரத்தில் பூர்ணேந்து சேகர் எழுதிய இந்தக் கதை, ராஜஸ்தானில் ஜைத்ஸர் என்ற கிராமத்துக்குள் கேமராவைக் கொண்டுபோனது. வில்லி இருந்தாள், ஆனால் அவள் விஷம் கலக்கவில்லை, ஆள் வைத்துக் கடத்தவில்லை. தன் குடும்பத்துக்கு நல்லது என்று தான் நம்பியதைச் செய்தாள். சிக்கலே அங்கேதான் இருந்தது.

ஆனந்தியின் அப்பா கஜான் சிங் ஏழை. மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். வசதியான இடத்திலிருந்து சம்பந்தம் வருகிறது. மகள் சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட மாட்டாள் என்று நினைத்துத் தலையாட்டுகிறார். மாப்பிள்ளை ஜக்தீஷும் பொடியன்தான். கல்யாணம் என்றால் புதுத் துணி, இனிப்பு, எல்லோரும் தன்னையே பார்ப்பது என்றுதான் ஆனந்திக்குத் தெரியும். ஊர்வலம் முடிந்து, அம்மாவை விட்டுவிட்டு வேறு வீட்டுக்குப் போக வேண்டும் என்று புரிகிறபோதுதான் அந்தக் குழந்தையின் முகம் மாறுகிறது. அதை நடித்த அவிகா கோருக்கு அப்போது வயது பதினொன்று.

கெட்டவர் ஒருவர் செய்த கொடுமை என்றால் திட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். பாசமுள்ள அப்பா, மரியாதையான சம்பந்தி, ஊரே கூடி வாழ்த்தும் விழா ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு குழந்தையின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டால் யாரைத் திட்டுவது? அந்தக் கேள்வியோடு நம்மை உட்கார வைத்ததுதான் இந்த சீரியலின் பலம்.

ஒரே வீட்டில் நான்கு பெண்கள்

கதையின் மையம் ஆனந்தி என்றாலும், அந்த வீட்டு முற்றத்தில் நின்ற மற்றப் பெண்களையும் பாருங்கள்.

கெஹனா. இவள் பெரியவன் வசந்தின் இரண்டாம் மனைவி. மனைவியை இழந்த வசந்துக்கு வாரிசு வேண்டும் என்று, ஏழை வீட்டிலிருந்து பணம் கொடுத்துக் கொண்டுவரப்பட்ட பதின்வயதுப் பெண். அப்பா வயதுக் கணவன். அவள் அந்த வீட்டில் எதிர்த்துப் பேசியபோதெல்லாம் நம் வீட்டு ஹாலில் கைதட்டல் விழுந்தது.

சுக்னா. ஜக்தீஷின் அக்கா. சின்ன வயதிலேயே கல்யாணம் முடிந்தவள். பெண் பெரியவளான பிறகு புகுந்த வீட்டுக்கு அனுப்பும் சடங்குக்கு அங்கே ‘கௌனா’ என்று பெயர். அந்த நேரத்தில் கொள்ளையர்களால் அவள் கணவன் கொல்லப்படுகிறான். மருமகளை ஆட்டிப்படைத்த அதே சட்டதிட்டங்கள் இப்போது சொந்தப் பேத்தியின் மேல் விழுகின்றன.

சுமித்ரா. ஆனந்தியின் மாமியார். மருமகளைத் தன் மகளாகப் பார்ப்பவள். ஆனால் தன் மாமியார் முன் வாயைத் திறக்க முடியாதவள். நல்ல மனசு இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு அவளே சாட்சி.

நான்காவது, பாட்டி கல்யாணி தேவி. எல்லோரையும் நடுங்க வைத்த அந்தக் கிழவியாக நடித்தவர் சுரேகா சிக்ரி. ‘தமஸ்’, ‘மம்மோ’, ‘பதாயி ஹோ’ ஆகிய மூன்று படங்களுக்காகத் துணை நடிகைக்கான தேசிய விருதை மூன்று முறை பெற்றவர். 2021 ஜூலையில் காலமானார். அவருடைய கல்யாணி தேவி கத்தியது குறைவு, பார்த்தது அதிகம். அவளும் அதே வழியில் அந்த வீட்டுக்கு வந்தவள், இளமையில் கணவனை இழந்து குடும்பத்தைக் கட்டிக்காத்தவள். தான் பட்டதையே ‘ஒழுங்கு’ என்று அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறாள். பேத்தி விதவையாக நிற்கும்போதுதான் அவளுக்குள் ஏதோ உடைகிறது. பல வருடங்கள் கழித்து, சொந்தப் பேரன் தவறு செய்தபோது பேரன் பக்கம் போகாமல் ஆனந்தி பக்கம் நின்ற பாட்டியாக அவள் மாறினாள். ஒரே வாரத்தில் திருந்தியிருந்தால் நாம் நம்பியிருக்க மாட்டோம். நூற்றுக்கணக்கான எபிசோடுகள் எடுத்துக்கொண்டதால் நம்பினோம். நிஜ வாழ்க்கையில் மாமியார்கள் மாறுவதும் அந்த வேகத்தில்தானே?

அங்கே ஏன் இப்படி?

அட்சய திருதியை என்றால் நமக்கு நகைக்கடை வரிசை. ராஜஸ்தானில் அதே நாளுக்கு ‘ஆக்கா தீஜ்’ என்று பெயர். முகூர்த்தம் பார்க்கத் தேவையில்லாத நாள் என்பதால் அன்று கல்யாணங்கள் குவியும். குழந்தைத் திருமணங்களும் அதில் கலந்து வரும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளையொட்டி அதிகாரிகள் கிராமங்களில் கண்காணிப்பு வைக்கிறார்கள்.

காரணம் வெறும் மூடநம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது. அக்காவுக்குப் போடும் பந்தலிலேயே தங்கைக்கும் முடித்துவிட்டால் ஒரு விருந்துச் செலவு மிச்சம். பெண் வளர வளர வரதட்சிணையும் வளரும் என்ற பயம். தண்ணீர் இல்லாத நிலம், நம்ப முடியாத மழை. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் பக்கத்து ஊருக்கு நடக்க வேண்டும். வழியில் மகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இந்தக் கணக்குகளையெல்லாம் போட்டுப் பார்க்கும் ஒரு தகப்பனுக்கு, கல்யாணம்தான் பாதுகாப்பாகத் தெரிகிறது.

‘அங்கேதான் இப்படி’ என்று நாமும் நிம்மதிப் பெருமூச்சு விட முடியாது. தமிழகத்தில் சகோதரி சுப்புலட்சுமிக்குத் திருமணம் நடந்தபோது வயது 11. சீக்கிரமே கணவரை இழந்தார். அவருடைய அப்பா மகளை மூலையில் உட்கார வைக்காமல் படிக்க வைத்தார். 1911-ல் சென்னை மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரிகளில் ஒருவராக வெளியே வந்து, தன்னைப் போன்ற இளம் விதவைகள் தங்கிப் படிக்கச் சென்னையில் இல்லம் நடத்தினார். பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் வந்தது 1929-ல். அது 18 ஆனது 1978-ல்தான். இன்று பாட்டியாக இருக்கும் பலர் அந்த மாற்றத்துக்கு முன்பே மணமேடை ஏறியவர்கள். ஆனந்தியைப் பார்த்து அவர்கள் அழுததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அழ வைத்தது சரி, மாற்றியதா?

சீரியல் பெரிய வெற்றி பெற்றதும் இன்னொரு குரலும் எழுந்தது. இவ்வளவு அழகான பாவாடை, இவ்வளவு செல்லமான ஜோடி, குட்டிக் கணவன் குட்டி மனைவியின் சின்னச் சின்ன சண்டைகள்... குழந்தைத் திருமணத்தைக் கண்டிக்கிறார்களா, ரசிக்க வைக்கிறார்களா? 2009-ல் நாடாளுமன்றம் வரை இந்தச் சர்ச்சை போனது.

அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஆனந்தியும் ஜக்தீஷும் சேர்ந்து விளையாடும் காட்சிகளில் ‘எவ்வளவு க்யூட்!’ என்று சொன்னவர்கள் நம்மிலும் உண்டு. குழந்தைகள் வளர்ந்ததும் அந்த ஜோடி சேர வேண்டும் என்று வேண்டிக்கொண்டவர்களும் உண்டு. குழந்தைத் திருமணம் தவறு என்றால், அந்தத் திருமணம் நிலைக்க வேண்டும் என்று நாம் ஏன் ஆசைப்பட்டோம்?

அதற்குக் கதையே ஒரு பதில் சொன்னது. டாக்டருக்குப் படிக்கப் போன ஜக்தீஷ், தானாகத் தேர்ந்தெடுத்த வேறு ஒரு பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு ஆனந்தியை உதறுகிறான். அவன் செய்தது துரோகம். ஆனால் பத்து வயதில் யாரோ முடிச்சுப் போட்ட உறவை இருபது வயது இளைஞன் சுமக்க வேண்டுமா என்ற கேள்வியும் அதற்குள் இருந்தது. குழந்தைத் திருமணம் பையனின் வாழ்க்கையையும் தின்கிறது என்று சொன்ன சீரியல்கள் அதிகம் இல்லை. நொறுங்கிப்போன ஆனந்தி எழுந்து நின்று ஊரின் பஞ்சாயத்துத் தலைவியானாள். பிறகு மாவட்ட ஆட்சியர் சிவராஜ் சேகரை மறுமணம் செய்தாள். கைவிடப்பட்ட மருமகளுக்கு மாமியார் வீடே முன்நின்று மறுவாழ்வு கொடுத்ததை, அதுவும் பிரைம் டைமில் காட்டியது சின்ன விஷயம் இல்லை.

அதற்குப் பிறகு வண்டி தடம் மாறியது. தீவிரவாதிகள், கடத்தல், காணாமல் போன மகள் என்று எல்லா சீரியல்களும் போகும் ஊருக்கே இதுவும் போனது. ரேட்டிங் கேட்டதைக் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் இருந்த முற்றமும் மௌனமும் காணாமல் போயின. எட்டு வருடம் ஓடாமல் நான்கு வருடத்தில் முடிந்திருந்தால், இன்னும் உயரமான இடத்தில் அதை வைத்திருப்போம். 2021-ல் இரண்டாம் பாகம் வந்தபோது முதல் பாகத்தின் வரவேற்பு அதற்குக் கிடைக்கவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 நிறைவதற்கு முன்பே திருமணமானவர்கள் 2005-06-ல் 47.4 சதவிகிதம். 2015-16-ல் அது 26.8 ஆனது; 2019-21-ல் 23.3. இந்தச் சரிவுக்கு ஒரு சீரியல் காரணம் என்று சொன்னால் அது மிகை. சாலை, சைக்கிள், பள்ளிக்கூடம், சட்டம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனந்தியின் ராஜஸ்தானில் 35.4-லிருந்து 25.4-க்கு இறங்கியிருக்கிறது. தமிழ்நாட்டில் 12.8. குறைவுதான், ஆனாலும் எட்டுப் பெண்களில் ஒருத்தி என்று சொல்லிப் பாருங்கள், குறைவாகத் தெரியாது.

நம் ஊர் ஆனந்திக்கு வயது எட்டு இல்லை, பதினைந்து, பதினாறு. பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனது, போனில் யாரோ பையனோடு பேசினாள், ஊரில் பேச்சு வந்துவிட்டது, தாத்தா கண் மூடுவதற்குள் பேத்தி கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்... இப்படித்தான் ஆரம்பிக்கிறது. சொந்தத்தில் மாப்பிள்ளை தயாராக இருப்பார். கோயிலில் எளிமையாக முடித்துவிடுவார்கள். மண்டபம் இல்லை, பத்திரிகை இல்லை என்பதே பல நேரங்களில் முதல் அடையாளம்.

குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006 என்ன சொல்கிறது தெரியுமா? பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாமல் நடத்தும் திருமணம் குற்றம். நடத்தி வைப்பவர்களுக்கு இரண்டு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். திருமணம் நடந்தே முடிந்துவிட்டாலும் கதவு மூடிவிடவில்லை: அந்தச் சிறுமி வளர்ந்து, 18 முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குள் நீதிமன்றம் சென்று அதை ரத்து செய்யக் கேட்கலாம். கைக்குழந்தையாக இருந்தபோது முடித்துவைத்த திருமணத்தை, 2012-ல் ஜோத்பூரைச் சேர்ந்த 18 வயதுப் பெண் ஒருவர் அப்படித்தான் ரத்து செய்ய வைத்தார். 

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். 1098 என்ற எண்ணுக்கு யார் வேண்டுமானாலும், எந்த நேரத்திலும், கட்டணமில்லாமல் அழைக்கலாம். பெயர் சொல்லத் தயங்க வேண்டாம், ரகசியம் காக்கப்படும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம், முன்பு திருமண உதவித் திட்டமாக இருந்ததை மாற்றி 2022-ல் தொடங்கப்பட்டது. தாலிக்குத் தங்கம் கொடுத்த அதே பெயரிலான திட்டம் படிப்புக்குப் பணம் கொடுக்கத் திரும்பியிருக்கிறது. ‘படிக்க வைக்க வசதியில்லை’ என்று சொல்லும் வீட்டுக்கு இந்தத் தகவலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே பெரிய உதவி.

கல்யாணி தேவி மனம் மாற நூற்றுக்கணக்கான எபிசோடுகள் ஆயின. பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு அவ்வளவு அவகாசம் இருக்காது. பரீட்சை முடிந்த கோடை விடுமுறையில் ‘ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்று அவள் அம்மா சொன்னால், ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அவள் பையைத் தூக்கிக்கொண்டு போகிறாளா என்று கொஞ்சம் கவனியுங்கள்.