தராசுக்குத் தெரியாத அறுபது கிராம்

"தங்கச்சி கல்யாணத்துக்குள்ள பத்து கிலோ குறைக்கணும்" என்று தொடங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. முதல் வாரம் எடை சட்டென்று இறங்கும். அதில் பெரும்பங்கு உடம்பு விட்ட தண்ணீர். மூன்றாம் வாரம் முள் அசையாது, மனசு விட்டுப்போகும். கல்யாணம் வரை தாக்குப்பிடித்தாலும், பந்தி முடிந்த மறுநாளே கெடுவும் முடிந்துவிடுகிறது. அப்படியென்றால் சின்னச் சின்ன இலக்கு வைப்பதே வீண்தானா?

கேரள-தமிழ்நாடு எல்லையில் இருக்கும் பனச்சமூட்டில் ஒரு சாயாக்கடைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாளைக்கு நாலு சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு நாலு கிராம் என்றால் 32 கிராம், ஏறக்குறைய 128 கலோரி. அதைப் பாதியாக்கினால் வாரத்துக்கு 450 கலோரி மிச்சம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருப்பதால், இந்த ஒரு வார ஒழுங்குக்குக் கிடைப்பது 60 கிராமுக்கும் குறைவு. நம் எடையோ ஒரே நாளில் ஒரு கிலோ கூடிக் குறையும். தராசு அந்த 60 கிராமை எப்படிக் காட்டும்? ஏழு நாளும் சரியாக நடந்துகொண்டவர் தோற்றுவிட்டதாக நினைப்பது இதனால்தான். "இந்த வாரம் சாயாவில் ஒரு கரண்டிதான்" என்பது இலக்காக இருந்திருந்தால், அவர் ஒவ்வொரு இரவும் ஜெயித்திருப்பார்.

சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-இல் வெளியானது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டுக்குள் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது; உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3 சதவீதம். இவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை என்பதைத்தான் நான் அடிக்கோடிடுவேன். தராசை மட்டும் நம்பியிருந்தால் பாதியிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

ஆனால் தொடக்கத்தில் கிடைக்கும் வெற்றியைச் சாதாரணமாக நினைக்கவும் கூடாது. அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீரிழிவு நோயாளிகளைக் கொண்டு நடந்த 'லுக் அஹெட்' ஆய்வில், முதல் இரண்டு மாதத்தில் கூடுதலாக எடை குறைந்தவர்களே எட்டாண்டு கழித்தும் முன்னால் நின்றார்கள். முதல் இலக்கு கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும். அது முடியும்போது அடுத்தது தயாராகவும் இருக்க வேண்டும்.

அடுத்ததை யார் நினைவூட்டுவது? இதற்கு, பனச்சமூடு இருக்கும் நெய்யாற்றின்கரைத் தாலுகாவிலேயே ஒரு முயற்சி நடந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் 2013-இல் தொடங்கிய கேரள நீரிழிவுத் தடுப்புத் திட்டம் அது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 1,007 பேர் சேர்க்கப்பட்டனர். பாதிப் பகுதிகளில் ஓராண்டில் 15 கூட்டங்கள். அவற்றில் 12-ஐ நடத்தியது மருத்துவர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். இரண்டாண்டு முடிவில் நோய் வந்தவர்கள் இங்கே 14.9 சதவீதம், மற்றப் பகுதிகளில் 17.1. தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவுக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் காய்கறி, பழம் உண்பது கூடியது, குடி குறைந்தது. அதாவது, அவரவர் கையில் இருந்தவை மாறின.

கூட்டங்கள் 12 மாதத்தில் முடிந்துவிட்டன என்பதே என் ஆதங்கம். இந்த எல்லைக் கிராமங்களில், கேரளப் பக்கம் குடும்பஸ்ரீ என்ற மகளிர் அமைப்பின் அயல்கூட்டம் வாராவாரம் கூடுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இருக்கின்றன. சேமிப்புப் பணத்தை எண்ணி வைத்த பிறகு, இன்னும் இரண்டு கேள்வி கேட்கலாமே: "மரச்சீனிக் கிழங்கு அவிச்ச அன்னைக்கு சோத்தைக் குறைச்சியளா? இந்த வாரம் எத்தனை நாள் நடந்திய?"