கருத்தரிக்க விருப்பமா? குடல் அழற்சி மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்

ஜொகூர் பாரு: வயிற்றுவலி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு என நெடுநாள் வாட்டும் குடல் அழற்சி நோய், மலேசிய இனங்களில் இந்தியர்களையே அதிகம் தாக்குவதாகப் பேராக், கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வு காட்டியது. பெரும்பாலும் இளவயதில் வரும் நோய் என்பதால், திருமணமான பெண்களுக்கு ஒரு கேள்வி எழும்: குழந்தை வேண்டுமென்றால் மருந்தை நிறுத்த வேண்டுமா?

"மருந்து பிள்ளைக்கு ஆகாது" என்று வீட்டுப் பெரியவர்கள் அக்கறையோடு சொல்வதுண்டு. ஆனால், பெரும்பாலான மருந்துகளைவிடக் கட்டுக்கடங்காத நோயே கருவுக்கு ஆபத்து. நோய் தீவிரமாக இருக்கும்போது கருச்சிதைவு, குறைமாதப் பிரசவம், எடை குறைந்த குழந்தை ஆகியவற்றுக்கு வாய்ப்பு கூடுகிறது. நோய் குறைந்தது 3 மாதங்களாவது அடங்கியிருந்த பின் கருத்தரிப்பதே நல்லது.

மெசலசின், அசாதியோபிரின், இன்ஃப்ளிக்சிமாப் போன்றவற்றை மருத்துவர் கண்காணிப்பில் பொதுவாகக் கர்ப்பகாலத்திலும் தொடரலாம். சல்ஃபாசலசின் எடுக்கும் பெண்களுக்கு ஃபோலிக் அமிலம் கூடுதலாகத் தேவை. ஆண்கள் எடுத்தால் விந்தணு தற்காலிகமாகக் குறையலாம்.

மெத்தோதிரெக்சேட் அப்படியல்ல, அது கருவைப் பாதிக்கும். கருத்தரிக்கக் குறைந்தது 3 மாதங்களுக்கு முன்பே வேறு மருந்துக்கு மாற வேண்டும். அதை எடுக்கும்போது கர்ப்பம் தெரிந்தால், உடனே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்ஃப்ளிக்சிமாப் ஊசி போட்டுக்கொண்ட தாய், பிரசவத்தின்போது அதைத் தாதியரிடம் சொல்லிவிட வேண்டும். மலேசியாவில் குழந்தை பிறந்ததும் போடப்படும் பிசிஜி தடுப்பூசியில் உயிருள்ள கிருமி உண்டு. அக்குழந்தைக்கு அதைத் தள்ளிப்போட வேண்டியிருக்கும்.

குளுவாங் தோட்டமானாலும் ஸ்கூடாய் நகரமானாலும், அருகிலுள்ள அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் கர்ப்பத்துக்கு முந்தைய ஆலோசனையைக் கேட்டுப் பெறலாம். கணவனும் மனைவியும் மருந்துகளைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.