திடலில் படம் காட்டலாம், வாருங்கள்!

சம்பளம் போட்ட வாரக் கடைசியில், தோட்டத்துத் திடலில் பாய் விரித்துப் படம் பார்த்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? இல்லையென்றால் உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். படத்தின் கதை அவருக்கு மறந்து போயிருக்கலாம். லோரி வந்து நின்றதும், இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளைத் துணி ஏறியதும், அதைப் பார்த்துப் பிள்ளைகள் கூச்சல் போட்டதும் மறந்திருக்காது.

மலாய்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் 'வாயாங் பாச்சாக்'. பாச்சாக் என்றால் நிலத்தில் ஊன்றுதல். கழி ஊன்றித் திரை கட்டுவதால் அந்தப் பெயர் வந்தது. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! திடலில் காட்டும் படம், ஊன்றும் கழியில்தான் தொடங்குகிறது.

இந்தத் தொழில் தமிழருக்குப் புதிதல்ல. திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கி, ஊர் ஊராகச் சுமந்து சென்று காட்டினார். 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கையும் கட்டினார்.

நம் நாட்டில் மலாயாத் திரைப்படப் பிரிவு 1946-ல் தொடங்கியது. பிறகு அதுவே பிலெம் நெகாரா ஆயிற்று. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், தகவல் இலாகாவின் வண்டிகள் படப்பெட்டியோடு புதுக்கிராமங்களுக்கும் கம்பங்களுக்கும் தோட்டங்களுக்கும் போயின. அரசாங்கம் தன் செய்தியைச் சொல்லவே அவற்றை அனுப்பியது. சனங்களோ திரையில் படம் அசையும் அதிசயத்தைக் காணத் திரண்டார்கள். 1963 டிசம்பர் 28-ல் தொலைக்காட்சி வந்தது. எண்பதுகளில் வீடியோ வந்தது. திடலில் கூட்டம் மெல்லக் கரைந்தது.

சின்ன பிலிம், பெரிய வசதி

நகரத்துத் தியேட்டரில் ஓடியது 35 மில்லிமீட்டர் பிலிம். அதன் பழைய வகை சட்டென்று தீப்பற்றக் கூடியது. ஆகவே தீக்குத் தாங்கும் தனி அறை வேண்டும். 1923-ல் கோடாக் நிறுவனம் கொண்டு வந்த 16 மில்லிமீட்டர் பிலிமோ எளிதில் தீப்பிடிக்காதது, எடையும் குறைவு. ஒரு மேசையோ லோரியின் பின்புறமோ போதும், அதுவே படக்கொட்டகை ஆகிவிடும்!

ஒரு நிமிடத்துக்கு 36 அடி பிலிம் ஓடும். 1600 அடிச் சுருள் 44 நிமிடம் வரும். இரண்டரை மணி நேரப் படத்துக்கு நான்கு சுருள் வேண்டும். கருவி ஒன்றே இருந்தால் ஒவ்வொரு சுருள் மாற்றும்போதும் விளக்குப் போட வேண்டியதுதான். கச்சாங் பூத்தே விற்பவருக்கு அதுவே நல்ல நேரம்.

வெளிச்சம் இருக்கும்போதே முடிக்க வேண்டிய வேலை

முதலில் திரை. அதன் கீழ் விளிம்பு தரையிலிருந்து நான்கடி உயரத்தில் இருக்கட்டும். பாயில் உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் இருப்பவரின் தலை மறைக்காது. காற்று வீசினால் துணி கப்பல் பாய்போல உப்பி மூங்கிலையே சாய்த்துவிடும். நான்கு மூலையிலும் பக்கங்களிலும் கயிறு கட்டி, முளை அடித்து இழுத்துக் கட்டுங்கள்.

அடுத்தது கருவி. வழக்கமான இரண்டு அங்குல லென்சுக்கு, திரை அகலத்தைப்போல் ஐந்து மடங்குக்குச் சற்று அதிகமான தூரம் வேண்டும். பத்தடித் திரைக்கு ஐம்பது அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்து போகிறவர் தலைக்கு மேலே ஒளி செல்லுமாறு கருவியை உயர்த்தி வையுங்கள். அளவுக்கு மேல் சாய்த்தால் படம் ஒரு பக்கம் அகன்று கோணலாகும்.

ஒலிபெருக்கி திரையின் அருகில் இருக்க வேண்டும். பேச்சு முதுகுக்குப் பின்னால் கேட்டால் படத்தில் மனம் ஒன்றுமா?

கருவியின் விளக்கு மட்டுமே 750 முதல் 1000 வாட் மின்சாரம் இழுக்கும். முதலில் விசிறி, பிறகு விளக்கு. அணைக்கும்போது முதலில் விளக்கு, பிறகுதான் விசிறி. பிலிம் ஓடாமல் நின்று விளக்கு மட்டும் எரிந்தால், அந்த இடம் பொசுங்கிக் கொப்பளிப்பது திரையிலேயே தெரியும்!

உயிருக்குக் காவல்

இனிச் சொல்லப் போவதைக் கவனமாகப் படியுங்கள். மின் ஜெனரேட்டரைத் தூரத்தில், திறந்த வெளியில் வையுங்கள். சத்தத்துக்காக மட்டுமல்ல, அதன் புகையில் நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயு உண்டு. வீட்டுக்குள்ளோ மூடிய கொட்டகையிலோ அதை ஓட்டவே கூடாது. சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது எண்ணெய் ஊற்றவும் கூடாது.

பனி இறங்கிய புல்லில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள். ஆகவே மின்கம்பியைத் தரையில் இழுக்காமல், தலைக்கு மேலே கட்டுங்கள். மின்கசிவுத் தடுப்புச் சாதனத்தைக் கட்டாயம் பொருத்துங்கள். மின் வேலை தெரிந்தவர் ஒருவர் கடைசி வரை அருகிலேயே இருக்கட்டும்.

இன்றைக்கு எதற்கு?

பிலிம் காலம் போய்விட்டது. கணினியும் டிஜிட்டல் புரொஜெக்டரும் ஒரு பைக்குள் அடங்குகின்றன. ஆனால் காற்றும் மழையும் மின்சாரமும் மாறவில்லை. கழியை ஊன்றும் கவனமும் மாறக் கூடாது. கெடாவில் ஜனவரி, பிப்ரவரி மழை குறைந்த மாதங்கள். அப்போது நாள் குறியுங்கள். 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின்படி அனுமதி பெற்ற படமா என்று பாருங்கள். படத்தின் உரிமையாளரிடம் சம்மதம் கேளுங்கள். போலீஸ் நிலையத்திலும் ஊராட்சி மன்றத்திலும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1982 ஜனவரி 1-ல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி வைத்தார்கள். இப்போது இங்கே பொழுது சாய ஏழரை மணி ஆகிறது. எட்டு மணிக்குத் தொடங்கினாலும் முடிய பதினொன்றாகும். விடியுமுன் எழுந்து பால்மரம் சீவப் போகிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் தூக்கம். நீங்கள் கம்பி தேடி அரை மணி தாமதித்தால், அந்த அரை மணி அவருடைய உடம்பிலிருந்து போகிறது. எல்லா ஏற்பாட்டையும் வெளிச்சத்திலேயே முடிப்பது அவருக்கு நாம் காட்டும் மரியாதை.

பீடோங், பாடாங் செராய், கூலிம், சுங்கை பட்டாணி வட்டாரங்களில் தோட்டத்தை விட்டு வந்து தாமான்களில் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள் இன்று கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் மட்டுமே சந்திக்கிறார்கள். வீட்டுக்குள்ளோ ஆளுக்கொரு கைத்தொலைபேசி, ஆளுக்கொரு படம்.

ஆண்டுக்கு ஒரு முறை, கோயில் திருவிழா முடிந்த மறுநாள், இளைஞர்கள் முன்வந்து திடலில் ஒரு திரை கட்டினால் என்ன? தாத்தாவுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். பாட்டியை முன் வரிசையில் உட்கார வையுங்கள். பக்கத்துப் பாயில் இருப்பவர் யார் மகன், யார் பேத்தி என்று அவர் விசாரிக்கத் தொடங்குவார். அந்தப் பேச்சு முடியும் வரை படத்தைச் சற்றுத் தாமதித்தே தொடங்கலாம். அந்த ஒரு தாமதத்தை மட்டும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்!