குளச்சல் கடலில் கயிற்றில் சிப்பி வளர்க்கலாமா?

குளச்சல், முட்டம் பாறைகளில் மூழ்கிப் பெயர்த்தெடுக்கும் சிப்பிக்கு நல்ல கிராக்கி உண்டு. குஞ்சையும் சேர்த்துச் சுரண்டினால் அடுத்த ஆண்டு பாறை வெறுமையாகிவிடும். இதற்கு மாற்றாக மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், அரசு நிதியில், 1970-களிலேயே பக்கத்திலுள்ள விழிஞ்ஞத்தில் கயிற்றில் சிப்பி வளர்த்துப் பார்த்தது.

சுமார் 2 செ.மீ. குஞ்சுகளை மீட்டருக்கு 1 முதல் 1.5 கிலோ வீதம் நைலான் கயிற்றைச் சுற்றி வைத்து, பருத்தி வலைத்துணியால் தைத்துக் கடலில் தொங்கவிட வேண்டும். சில நாளில் துணி மக்கிவிடும். அதற்குள் சிப்பி தன் நாரால் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். தீவனச் செலவே இல்லை, நீரிலுள்ள நுண்பாசிதான் உணவு. காசர்கோடு படன்னா காயலில் பெண்கள் குழுக்கள் வளர்க்கும் பச்சைச் சிப்பி 5, 6 மாதத்தில் மீட்டருக்கு சுமார் 10 கிலோ தருகிறது. குஞ்சைப் பாறையிலிருந்துதான் எடுக்க வேண்டும்; ஆனால் 1 கிலோ குஞ்சு பல கிலோவாகிறதே!

சிக்கல் அலைதான். படன்னா அமைதியான காயல். குளச்சலோ திறந்த கடல். ஜூன் பிறந்தால் மிதவை தாங்காது. நவம்பர் வாக்கில் கயிறு கட்டி, மே மாதத்துக்குள் அறுவடையை முடியுங்கள். கடன் வாங்கி இறங்காமல், முதலில் குழுவாகப் பத்துக் கயிறு போட்டுப் பாருங்கள். சாக்கடை கலக்கும் இடம் வேண்டவே வேண்டாம். நீரிலுள்ள கிருமியையும் சிப்பி உடலில் சேர்த்துக்கொள்ளும். இடத்துக்கு மீன்வளத் துறை அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.