கோர்ட்டின் கை எவ்வளவு நீளம்?

அண்டை வீட்டுக்காரர் நமது நிலத்தில் சுவர் எழுப்ப முற்பட்டால், நாம் கோர்ட்டுக்குச் சென்று இன்ஜங்ஷன், அதாவது தடையுத்தரவு, பெறுகிறோம். அது வழக்கின் கக்ஷிக்காரர்களையே கட்டுப்படுத்தும். ஊராரின் சுவர்களைத் தொடாது. ஆனால் சுவர் எழுப்புவது சர்க்காராகவும், அதனால் நஷ்டமடைவோர் ஆயிரக்கணக்கானோராகவும் இருந்தால், வழக்காடியவருக்கு மட்டும் நிவாரணம் கிடைப்பது போதுமா? இக்கேள்வியே 2025-ம் வருஷம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டின் முன் வந்தது.

அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தைக்குப் பிரஜா உரிமை அளிப்பது, 1868-ல் நிறைவேறிய 14-வது அரசியல் சட்டத் திருத்தம். 2025 ஜனவரி 20-ந் தேதி, பதவியேற்ற அன்றே, ஜனாதிபதி டொனால்டு டிரம்ப் அதற்கு ஒரு வரம்பு கட்டினார். தாய் அனுமதியின்றியோ தற்காலிக அனுமதியுடனோ வசிப்பவளாயிருந்து, தந்தையும் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இல்லாவிடில், குழந்தைக்கு அவ்வுரிமை இல்லை என்றது அவர் உத்தரவு. மேரிலாந்து, மாஸச்சூஸெட்ஸ், வாஷிங்டன் மாகாணங்களின் ஜில்லா நீதிபதிகள் மூவர் அவ்வுத்தரவைத் தேசம் முழுவதிலும் நிறுத்தி வைத்தனர்.

ஜூன் 27-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஆறு நீதிபதிகள் ஒருபுறமும் மூவர் மறுபுறமுமாகத் தீர்ப்பு வெளியாயிற்று. ஜனாதிபதியின் உத்தரவு செல்லுமா என்பதை அத்தீர்ப்பு ஆராயவில்லை. வழக்காடியவருக்குப் பூரண நிவாரணம் தரத் தேவையான அளவுக்குமேல் தடை நீளலாகாது. 1789-ம் வருஷத்துச் சட்டம் அத்தனை பரந்த அதிகாரத்தை அளித்ததாகத் தோன்றவில்லை என்பது, பெரும்பான்மையோர் சார்பில் நீதிபதி ஆமி கோனி பாரெட் எழுதியதன் சாரம். அப்படியானால் வழக்காடாதவர்களின் உரிமை ஏட்டளவில் நின்றுவிடுமே என்று ஆக்ஷேபித்தார் நீதிபதி ஸோனியா ஸோடோமேயர்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அந்நாட்டில் ஜில்லா கோர்ட்டுகள் 94. தமக்கு அனுகூலமான நீதிபதியைத் தேடிச் சென்று, ஒருவர் வாக்கால் தேசத்தையே கட்டிவிட எவரும் முயலலாம். 2015-ல் ஜனாதிபதி ஒபாமாவின் குடியேற்றத் திட்டத்தை டெக்ஸாஸ் நீதிபதி ஒருவர் இவ்வாறே நிறுத்தினார். அன்று அதனால் மகிழ்ந்தோர் பலர் பின்னர் அதே ஆயுதம் தம் மீது திரும்பக் கண்டனர். மறுபுறம், பிறந்த குழந்தை வக்கீல் வைத்து வழக்காடுவது எங்ஙனம்?

வழி ஒன்று எஞ்சியிருந்தது. ஒரே நிலையிலுள்ளோர் அனைவருக்குமாகச் சிலர் நடத்தும் பிரதிநிதி வழக்கே அது. ஜூலை 10-ந் தேதி நியூ ஹாம்ப்ஷயர் ஜில்லா நீதிபதி ஜோஸப் லாப்லாண்ட், அவ்வுத்தரவால் பாதிக்கப்படும் குழந்தைகளை ஒரே கக்ஷியாக ஏற்று, மீண்டும் தடை விதித்தார்.

பிறர் அதிகாரத்துக்கு எல்லை வகுக்கும் கோர்ட்டுக்கும் ஓர் எல்லை வேண்டியதே. ஆயினும் அவ்வெல்லைக்கு அப்பால் நிற்பது கைக்குழந்தையானால், அது உள்ளே வர ஒரு வாயிலேனும் திறந்திருக்க வேண்டாமா?