முதல்முறை திருவண்ணாமலைக்கு வருபவர்களுக்கு

மொராக்கோ நாட்டின் ஃபெஸ் நகரத்துக்கு முதல்முறை போகிறவர்கள், அங்கே நடப்பதற்கென்றே இரண்டு மூன்று நாள் ஒதுக்கிக்கொண்டு போகிறார்கள். மதில் சூழ்ந்த பழைய நகரத்தின் சந்துகளில் கார் நுழைய முடியாது. 1981-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற அந்த ஊரைக் காலால்தான் தெரிந்துகொள்ள முடியும். நம் திருவண்ணாமலையும் காலால் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர்தான். ஆனால் இங்கே முதன்முதலாக வருபவர்களில் பலர் பௌர்ணமி இரவில் வந்து இறங்குகிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து, தரிசன வரிசையில் மணிக்கணக்கில் நின்று, விடிந்ததும் பஸ் பிடித்துவிடுகிறார்கள். சாமியைப் பார்த்த நிறைவு அவர்களுக்குக் கிடைக்கிறது. சாமி குடியிருக்கும் ஊர் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. முதல் வருகையைப் பௌர்ணமிக்கு வைத்துக்கொள்ளாமல், கூட்டமில்லாத சாதாரண நாளில், ஓர் இரவாவது தங்கும்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

இப்படிச் சொல்வதற்கு முதல் காரணம், இந்த ஊரில் பக்தியையும் வரலாற்றையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்பதுதான். அண்ணாமலையார் கோயிலில் பெரிய நந்தியைத் தாண்டி உள்ளே போகும் வழியில் இருக்கும் வல்லாள கோபுரத்தைப் பாருங்கள். தில்லிப் படைகளின் தாக்குதலால் ஹொய்சளரின் தலைநகர் துவாரசமுத்திரம் நிலைகுலைந்த பிறகு, ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் 14-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராக்கி இங்கிருந்து ஆண்டான். முதுமையிலும் மதுரை சுல்தானோடு போருக்குப் போய்ப் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். அவன் முடிவைப் பற்றிய பதிவு ஒன்று வட ஆப்பிரிக்கப் பயணியிடமிருந்து வந்திருக்கிறது. டாஞ்சியரில் பிறந்த இப்னு பதூதா அந்தக் காலத்தில் மதுரைக்கு வந்தவர். மன்னனின் தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்ததைத் தாமே கண்டதாகச் சொல்கிறார். பிற்பாடு அவர் சொல்லச் சொல்ல அந்தப் பயண நூல் எழுதப்பட்டது அதே ஃபெஸ் நகரத்தில்தான். அங்கே மையில் பதிந்த சாவு இங்கே சடங்கில் பதிந்திருக்கிறது. பிள்ளையில்லாத வல்லாளனுக்கு அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பது தலபுராணம். அதனால் தைப்பூசத் தீர்த்தவாரி முடிந்து திரும்பும் வழியில் மன்னன் மாண்ட சேதி வந்ததாகக் கொண்டு, மேளதாளத்தை நிறுத்திவிட்டுச் சாமி கோயிலுக்குத் திரும்புகிறார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு கௌதம நதிக்கரைக்கு எழுந்தருளி, மகன் என்ற முறையில் மன்னனுக்குத் திதி கொடுக்கிறார். ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு மன்னனுக்கு இன்றும் திதி நடக்கிற ஊர் இது. இது தெரியாமல் வல்லாள கோபுரத்தின் கீழே நடந்து போவது எவ்வளவு பெரிய இழப்பு!

மற்ற கோபுரங்களும் இப்படித்தான். 217 அடி உயரத்தில் 11 நிலைகளோடு நிற்கும் கிழக்கு ராஜகோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கி வைத்தார். தஞ்சை சேவப்ப நாயக்கர் முடித்து வைத்தார். வடக்குக் கோபுரத்தை எழுப்பியதோ மன்னர் அல்ல. செங்கம் பக்கத்துச் சென்னசமுத்திரத்தில் பிறந்த அம்மணி அம்மாள் என்ற பெண் துறவி வீடு வீடாகப் போய்க் காசு திரட்டி அதைக் கட்டி முடித்தார். இன்றும் அது அம்மணி அம்மன் கோபுரம்தான். 18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் கோயில் மதில்கள் கோட்டையாகவும் பயன்பட்டன. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒருபக்கமும் ஆங்கிலேயர் மறுபக்கமுமாக மோதியது இந்த ஊர்ப் பகுதியில்தான். ஆயிரங்கால் மண்டபத்தின் பாதாள லிங்கக் குகையில், 1896-ல் வீட்டைவிட்டு வந்த 16 வயது வேங்கடராமன் தன்னை மறந்து அமர்ந்திருந்தார். பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தது அவரைத்தான். பேரரசர், பிச்சை எடுத்த பெண், படைவீரர், பள்ளிப் படிப்பை விட்டுவந்த பையன் என எல்லோரையும் ஒரே மதிலுக்குள் வைத்திருக்கும் கோயிலை, பின்னால் வருபவர் முதுகில் தள்ளிக்கொண்டே இருக்கும்போது எப்படிப் பார்ப்பது?

கிரிவலப் பாதைக்கும் இது பொருந்தும். இந்திர லிங்கத்திலிருந்து ஈசானிய லிங்கம் வரை எட்டுத் திசைக்கும் எட்டு லிங்கங்கள். நடக்க நடக்க மலை தன் வடிவை மாற்றிக்கொண்டே வரும். மேற்கே அடி அண்ணாமலைக் கோயிலில் நின்று அண்ணாந்து பார்க்கும் மலையும், ராஜகோபுரத்துக்குப் பின்னால் தெரியும் மலையும் ஒன்றுதானா என்று சந்தேகம் வரும். மலையையே லிங்கமாக வணங்கும் தலத்தில், அந்த மலையைச் சுற்றி நின்று பார்ப்பதும் வழிபாடுதானே! சாதாரண நாளின் விடியற்காலையில் இதற்கெல்லாம் இடமுண்டு. பௌர்ணமி இரவில் முன்னே நடப்பவரின் குதிகால்தான் தெரியும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. பக்தர் கும்பிட வருகிறார், சரித்திரப் பாடம் படிக்க வரவில்லை என்பார்கள். வல்லாளனின் திதியே அதற்குப் பதில்: இங்கே சரித்திரத்தைச் சுமந்து நிற்பதே வழிபாடுதான். பௌர்ணமிக்கென்று தனிப் பலன் உண்டே என்பார்கள். அந்த நம்பிக்கையில் நான் கைவைக்கவில்லை. எல்லா நாளும் கிரிவலத்துக்கு உகந்த நாளே என்பதும் இந்தத் தலத்தின் மரபுதான். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு பலன் சொல்லி வைத்திருக்கிறார்கள். பௌர்ணமி அடுத்த வருகைக்கு இருக்கட்டும். ஊரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தவருக்கு அந்தக் கூட்டமே இன்னும் பொருளோடு தெரியும். மிகக் கனமான மறுப்பு மூன்றாவது: அன்றாடக் கூலிக்குப் போகிறவருக்கு லீவும் இல்லை, தங்குவதற்குக் காசும் இல்லை. இது உண்மை. ஆனால் அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்று கிடைக்கிறது. மாதத்தில் ஒரே இரவுக்கு எல்லோரும் வந்து குவிவதால்தான் அறை வாடகையும் ஆட்டோ கட்டணமும் ஏறுகின்றன. கூட்டம் பல நாட்களுக்குப் பரவினால் முதலில் மிச்சமாவது ஏழையின் காசுதான்.

பரவலாக வரச்செய்யும் பொறுப்பைப் பக்தர் தலையில் மட்டும் கட்டக்கூடாது. பௌர்ணமிக்கு விடுவதுபோலச் சாதாரண நாட்களுக்கும் அரசு கூடுதல் பேருந்து விடலாம். கோயில் நிர்வாகம் ஒவ்வொரு கோபுரத்தடியிலும் கட்டியவர் யார், எக்காலம், என்ன நடந்தது என்று நான்கு வரித் தமிழில் பலகை வைக்கலாம். கல்வெட்டுகளை வாசித்துச் சொல்லத் தெரிந்த உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தலாம். இதில் எதற்கும் பெரும் செலவு இல்லை. முதல்முறை வரும் குடும்பத்தின் பிள்ளை அம்மணி அம்மாள் பெயரையும் வல்லாளன் பெயரையும் தெரிந்துகொண்டு ஊர் திரும்பினால், அந்தப் பிள்ளை வளர்ந்தபின் இந்தக் கற்களுக்குக் கேடு வரும்போது சும்மா இருக்காது.